கலைஞருக்குக் காரியஸ்தர் வேண்டுமா?

கலையை ஆக்குதல் ஒரு தொழில். அதனை மக்கள்பாற் கொண்டு சேர்த்துப் பொருளீட்டுதல் மற்றொரு தொழில். இவ்விரண்டும் ஒருவரிடத்தே நிறைவாக அமைதல் அரிது. ஆதலின் தொன்றுதொட்டுக் கலைஞரைச் சூழ்ந்து, பேசி முடிப்போரும், பணம் வாங்குவோரும், பங்கிட்டுக் கொடுப்போரும் இருந்து வந்திருக்கின்றனர். இற்றை நாளில் இணையத்தின் வழியே மாதச் சந்தா பெற்றுத் தம் கலையைப் பலர்க்கும் வழங்கும் இளைஞர் நம் ஊர்களிலும் தோன்றியுள்ளனர். அவர்கட்கும் அப்பழைய வினாவே இப்பொழுது புதிதாய் எழுகின்றது. தொழிலறிந்த காரியஸ்தர் ஒருவரை, அதாவது மானேஜரை, அமர்த்திக் கொள்ளலாமா? அமர்த்தின், எவ்வகை ஏற்பாட்டில் அமர்த்துதல் வேண்டும்? இதனை ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேலம் மாவட்டத்தில் மேட்டூருக்கு அணித்தாயுள்ள மேச்சேரி நம்முட் பலர் அறிந்த ஊர். அவ்வூர்ப் பெயரையே தன் பெயராகக் கொண்ட செம்மறியாட்டினம் தோலின் உயர்வாற் புகழ் பெற்றது. அதனைப் பேணி ஆராய்தற்கென்று பக்கத்துப் பொட்டனேரியில் 1978-ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. ஆட்டுச் சந்தைக்குச் சென்றோர் ஆங்குத் தரகரைக் கண்டிருப்பர். ஒரு துண்டின் கீழே கைகளை மறைத்து, விரல்களைப் பற்றி விலை பேசி, விற்பவரையும் வாங்குபவரையும் இணக்கித் தம் தரகைப் பெற்றுக்கொண்டு அவர் அகன்று விடுவார். விற்ற ஆட்டுக்கும் அவர்க்கும் அதன்பின் யாதொரு தொடர்பும் இல்லை.

அவ்வூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் திருவிழாக் காலங்களில் விடிய விடிய நடைபெறும் தெருக்கூத்தில் கூத்து வாத்தியாரின் நிலையோ வேறு. ஊர்ப் பெரியோர் வெற்றிலை பாக்குடன் அச்சாரத்தை அவர் கையிலே கொடுப்பர். ஆடுவோரையும், மத்தளம், ஆர்மோனியம், முகவீணை வாசிப்போரையும் அவரே திரட்டுவார்; இரவெல்லாம் உடனிருந்து தாமும் பாடுவார்; விடிந்தபின் கூலியை அவரே பங்கிடுவார். ஊர் கொடுத்த தொகை எவ்வளவு என்பது ஆடினோர் யாவர்க்கும் தெரியுமாதலின், பங்கிலே குறை நேரின் அன்றே கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். அப்பக்கத்து ஏர்வாடியிலிருந்து மு. ஹரிகிருஷ்ணன் 'மணல் வீடு' என்னும் சிற்றிதழை நடத்தியும், கூத்துக் கலைஞரை ஒருங்கு கூட்டியும் இக்கலைக்கு ஆற்றி வரும் தொண்டு தமிழ் இலக்கிய உலகம் அறிந்ததே.

தரகர், வாத்தியார் என்னும் இவ்விருவரையும் நினைவிற் கொண்டால் பின் வருவன எளிதில் விளங்கும்.

நிற்க. எம் கல்லூரியிற் பயின்று சென்ற மேச்சேரி இளைஞர் ஒருவர் சென்ற கோடை விடுமுறையில் எம்மைக் காண வந்தார். அவர் மூன்றாண்டுகளாகத் தம் பகுதிக் கூத்துக்களை முழு இரவும் படம் பிடித்து, பாட்டுக்களுக்குப் பொருளும், கதைக்கு விளக்கமும் சேர்த்து, யூடியூபில் சந்தாதாரர்க்கு மட்டும் வழங்கி வருபவர். சந்தா மாதம் 100 ரூபாய். பெங்களூரிலும், திருப்பூரிலும், வளைகுடா நாடுகளிலும் பிழைக்கச் சென்ற நம் பக்கத்து மக்கள் ஏறக்குறைய 300 பேர் சந்தாதாரராய் இருந்தனர். நகரத்து நிறுவனமொன்று தாமே அவர்க்கு மானேஜராக இருப்பதாய் எழுதிய ஒப்பந்தத்தை அவர் எம்மிடம் நீட்டினார். மூன்றாண்டுக் காலம், வருவாயில் நூற்றுக்கு 40, கையெழுத்திடும் அன்றே ஒரு இலட்சம் ரூபாய் முன்பணம், கடவுச்சொற்கள் அனைத்தும் நிறுவனத்தின் வசம். இவையே அதன் முக்கிய ஷரத்துக்கள்.

அவர் தந்தையார் விசைத்தறித் தொழிலாளி. தறி முதலாளியிடம் அவர் பல்லாண்டுகட்கு முன் பெற்ற முன்பணம் இன்னும் தீர்ந்தபாடில்லை. அவ்வொரு இலட்சம் வரின் அக்கடன் ஒழியும் என்பதே இளைஞரின் எண்ணம். ஆதலின் இவ்வினாவிற்கு விடை கூறுதல் எமக்கும் எளிதாயிருக்கவில்லை. அவரோடு இருந்து யாம் ஆராய்ந்தவற்றையே இங்கு எழுதுகின்றோம்.

முதற்கண் சந்தா என்பதன் இயல்பை அறிதல் வேண்டும். யூடியூபில் 'சப்ஸ்கிரைப்' செய்வோர் யாதும் கொடுப்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் சகோதர முறையினர் ஐவரும் அவர்தம் பாட்டனார் பெரியதம்பியும் சேர்ந்து 2018-இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-இல் ஒரு கோடிப் பேரை எய்தித் தமிழில் அவ்வெண்ணிக்கையை முதலில் அடைந்தது. ஆயினும் அது விளம்பரத்தால் வரும் வருவாய் பற்றியது. யாம் ஈண்டுக் கூறும் சந்தாவோ, காண்பவர் தம் பையிலிருந்து மாதந்தோறும் மனமுவந்து கொடுப்பது. யூடியூபில் இதற்கு 'மெம்பர்ஷிப்' என்று பெயர். அமெரிக்காவில் 2013-இல் தோன்றிய பேட்ரியானும், 2017-இல் தோன்றிய சப்ஸ்டாக்கும் இவ்வகைச் சந்தாவையே அடிப்படையாகக் கொண்டவை. ஒவ்வொரு தளமும் தனக்கென ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். சப்ஸ்டாக் நூற்றுக்கு 10 கொள்ளும். யூடியூப் மெம்பர்ஷிப்பில் வரி முதலியன நீக்கியபின் நூற்றுக்கு 70 கலைஞரைச் சேர, எஞ்சிய 30 தளத்தைச் சாரும்.

விளம்பர வருவாய் கூட்டத்தைப் பொறுத்தது. சந்தா வருவாய் நம்பிக்கையைப் பொறுத்தது. ஆயிரம் பேர் வந்து பார்த்துப் போதலினும், நூறு பேர் மாதந்தோறும் நீங்காதிருத்தலே சந்தாக் கலைஞர்க்கு வாழ்வு. இதனை மறவாதிருத்தல் மானேஜரை அமர்த்தும்பொழுது மிகவும் இன்றியமையாதது.

இனி, மானேஜர் செய்யும் வேலை யாது? அப்பெயரால் இன்று நால்வகையோர் வழங்கப்படுகின்றனர். விளம்பரமோ நிகழ்ச்சியோ ஒன்றனைப் பேசி முடித்துக் கொடுத்து, அதற்கு மட்டும் பங்கு பெறுபவர் ஒருவகையினர். இவர் சந்தைத் தரகரை ஒப்பர். மாதச் சம்பளத்திற்குக் கடிதங்களுக்கு விடை எழுதி, கணக்கு வைத்து, படங்களைத் தொகுப்பவர் உதவியாளர். கலைஞரின் பெயரால் பிறரோடு ஒப்பந்தம் பேசி, வரவு செலவை மேற்பார்த்து, ஆண்டு முழுவதும் உடனிருப்பவர் காரியஸ்தர். இலாப நட்டம் இரண்டிலும் பங்கேற்பவர் பங்காளி. எம் நண்பருக்கு வந்த ஒப்பந்தத்தில், செய்வதாகச் சொல்லிய வேலை உதவியாளருடையது. கேட்ட பங்கு பங்காளியினுடையது. நட்டம் வந்தால் ஏற்கும் பொறுப்போ எவருடையதும் அன்று. எவ்வகையார் தமக்குத் தேவை என்று தெளியாது கையெழுத்திடுவோர் இம்மயக்கத்திலேயே பெரும்பாலும் அகப்படுகின்றனர்.

அடுத்து, கணக்கைப் பார்ப்போம். முந்நூறு பேர் நூறு ரூபாய் வீதம் கொடுக்க, மாத வரவு 30,000 ரூபாய். தளம் 9,000 எடுத்துக்கொள்ள, இளைஞர் கைக்கு வருவது 21,000. ஒப்பந்தத்தில் நூற்றுக்கு 40 என்றிருந்ததே, அஃது எதில் நாற்பது? மொத்த வரவில் எனின், மானேஜர் பங்கு 12,000. இளைஞர்க்கு எஞ்சுவது 9,000. தளத்தின் பங்கு நீங்கிய நிகர வரவில் எனின், மானேஜர் பங்கு 8,400, எஞ்சுவது 12,600. 'மொத்தம்', 'நிகரம்' என்னும் ஒரு சொல் வேறுபாட்டால் மாதம் 3,600 ரூபாய் கை மாறுகின்றது. அவர் பெற்ற தாளிலோ 'வருவாய்' என்னும் சொல் மட்டுமே இருந்தது.

"அவர்கள் சந்தாதாரரைப் பெருக்குவார்களே, ஐயா" என்றார் இளைஞர். அதனையும் கணக்கிட்டோம். இப்பொழுது தனியே பெறும் 21,000 ரூபாயை மானேஜர் பங்கு போகவும் அவர் பெற வேண்டுமாயின், நிகர வரவில் நாற்பது என்னும் ஏற்பாட்டில் சந்தாதாரர் 500 பேராதல் வேண்டும். மொத்த வரவில் நாற்பது என்னும் ஏற்பாட்டில் 700 பேராதல் வேண்டும். அதுவரை மானேஜர் கொண்டு வரும் ஒவ்வொரு புதிய சந்தாவும் இழந்ததை ஈடு செய்வதாகுமேயன்றி ஊதியமாகாது. எனவே முன்பிருந்த முந்நூறு பேரின் சந்தாவை விலக்கி, அவர்க்கு மேல் வளர்ந்த பகுதியில் மட்டும் பங்கு கொள்ளும் மானேஜர் உளரா என்று கேட்டல் தகும். தம் திறமையில் நம்பிக்கையுள்ளவர் அதற்கு இசைவர்.

மேனாட்டு வரலாற்றிலும் இதற்குப் படிப்பினைகள் உள. அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லிக்கு டாம் பார்க்கர் என்பவர் மானேஜராயிருந்தார். தொடக்கத்தில் நூற்றுக்கு 25 பெற்றவர் பிற்காலத்தில் 50 பெற்றார். 1977-இல் பிரெஸ்லி இறந்தபின், அவர் மகளின் நலன் கருதி 1980-இல் நீதிமன்றம் இதனை ஆராயச் செய்தது. பார்க்கர் பெற்ற பங்கு மிகையானதென்று அறிக்கை கூறிற்று. வழக்கு 1983-இல் சமரசத்தில் முடிந்தது. பாடகர் உயிரோடிருந்தவரை அதனைத் தட்டிக் கேட்கவில்லை என்பதே வருந்தத்தக்கது.

இங்கிலாந்துப் பீட்டில்ஸ் குழுவினரின் மானேஜர் பிரையன் எப்ஸ்டீனோ அவர்களிடம் உண்மையன்புடையவர். ஆயினும் அவர்கள் உருவம் பொறித்த பண்டங்களை விற்கும் உரிமையை 1960-களின் தொடக்கத்தில் வேறொரு நிறுவனத்திற்கு விட்டபொழுது, குழுவின் பக்கத்திற்கு நூற்றுக்குப் பத்தே கிடைக்கும்படி ஒப்பந்தம் அமைந்து விட்டது. அத்தொழிலின் மதிப்பை அவர் அப்பொழுது அறிந்திருக்கவில்லை. நேர்மை இருந்தும் தொழிலறிவு போதாமையால் வந்த இழப்பு இது.

நம் நாட்டிலோ, எம். எஸ். சுப்புலட்சுமிக்கு 1940 முதல் கணவராயும் காரியஸ்தராயும் விளங்கிய டி. சதாசிவம் நினைவிற்கு வருவார். கச்சேரி ஒப்புக்கொள்ளல் முதல் வரவு செலவு ஈறாக அனைத்தும் அவர் பொறுப்பு. அறப்பணிகட்கெனப் பற்பல கச்சேரிகள் நிகழ்ந்ததும் அவர் ஏற்பாட்டினாலேயே. இத்தகைய ஈடுபாட்டைச் சம்பளம் கொடுத்து வாங்க இயலாது. வெளியார் ஒருவரை அமர்த்துங்கால், அன்பு செய்ய வேண்டியதை எழுத்துத்தான் செய்தாக வேண்டும்.

அவ்வெழுத்துக்கு அரணாயிருப்பது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். அச்சட்டத்தின் பத்தாம் அத்தியாயம் முகமையைப் பற்றியது. ஒருவர் பொருட்டு மூன்றாமவரோடு காரியம் ஆற்றுபவர் முகவர் என்கிறது 182-ஆம் பிரிவு. சந்தாக் கலைஞரின் மானேஜர் அவர் பெயரால் பிறரோடு காரியம் பேசுமளவில் முகவரே. கேட்டபொழுது கணக்குக் காட்ட அவர் கடமைப்பட்டவர் என்பது 213-ஆம் பிரிவு. தமக்குச் சேர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, பெற்ற தொகையைக் கலைஞரிடம் சேர்ப்பிக்க வேண்டுமென்பன 217, 218-ஆம் பிரிவுகள். கலைஞர் அறியாமல் அத்தொழிலில் தமக்கென்று ஆதாயம் தேடினால், அவ்வாதாயத்தைக் கலைஞர் கேட்டுப் பெறலாம் என்கிறது 216-ஆம் பிரிவு. ஆகவே 'கணக்குக் கேட்பது நம்பிக்கையின்மை' என்று கூறும் மானேஜர், சட்டம் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கூறி வருவதை மறுப்பவராவர்.

பிரிவதற்கும் வழி எழுதப்பட்டிருத்தல் வேண்டும். குறித்த காலத்திற்கென்று ஒப்புக்கொண்ட முகமையைத் தக்க காரணமின்றி இடையில் முறித்தால் ஈடு கொடுக்க நேரும் என்கிறது 205-ஆம் பிரிவு. நியாயமான முன்னறிவிப்பு வேண்டுமென்கிறது 206-ஆம் பிரிவு. இதனால் முதல் ஒப்பந்தத்தை மூன்றாண்டுக்கு எழுதாமல் ஆறு மாதத்திற்கு எழுதிப் பார்த்துப் பின் நீட்டித்தல் நன்று. முப்பது நாள் அறிவிப்பில் இருவரும் பிரியலாம் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பதையும் பள்ளிப் பருவத்திலேயே புகழ் பெறும் சிறாரின் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும்.

படைப்பின் உரிமை இதனினும் பெரிது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, கையெழுத்திட்ட எழுத்தின்றி உரிமை மாற்றம் செல்லாது. எத்தனை ஆண்டுக்கு என்று குறியாவிடின் ஐந்தாண்டு என்றும், எவ்விடத்திற்கு என்று குறியாவிடின் இந்தியா முழுமைக்கும் என்றும் கொள்ளப்படும். மானேஜர்க்குப் படைப்பைக் காட்டி விற்க அனுமதி போதும். படைப்பே அவர் உடைமையாக வேண்டுவதில்லை. இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்தெழுதிய ஷரத்தைக் கண்டால் அவ்விடத்தில் நிறுத்திக் கேட்க வேண்டும்.

மானேஜர் கொண்டு வரும் விளம்பரத்திலும் ஒரு பொறுப்பு உண்டு. பொய் விளம்பரத்திற்குத் துணை போனவர்க்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பத்து இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடந்தருகின்றது. பேசி முடிப்பவர் மானேஜராயினும், முகம் காட்டிப் புகழ்ந்தவர் கலைஞரே அன்றோ? எனவே எவ்விளம்பரத்தையும் மறுக்கும் உரிமை கலைஞரிடமே இருத்தல் வேண்டும்.

இனி, திறவுகோல் பற்றிய செய்தி. வீட்டை மேற்பார்க்க ஒருவரை வைத்தால், அறைச் சாவியைக் கொடுப்போம். வீட்டுப் பத்திரத்தைக் கொடோம். யூடியூபில் கடவுச்சொல்லைச் சொல்லாமலே, மானேஜர் என்றும், தொகுப்பாளர் என்றும், பார்வையாளர் என்றும் தனித்தனி அதிகாரம் அளிக்க ஏற்பாடு உளது. வேண்டாதபொழுது அதனை நீக்கிவிடலாம். பணம் வந்து சேரும் வங்கிக் கணக்கு கலைஞர் பெயரிலேயே இருத்தல் வேண்டும். தொகை முதலில் கலைஞர்க்கு வந்து, அதிலிருந்து மானேஜர் பங்கு செல்லுதலே முறை. முறை மாறின், தமக்கு வர வேண்டியதைக் கலைஞரே கேட்டு நிற்க நேரும்.

சந்தாதாரர்க்கு விடையெழுதும் உரிமையும் எளிதிற் கொடுக்கத் தக்கதன்று. மேனாட்டில் சில மானேஜர் நிறுவனங்கள் கூலிக்கு ஆள் வைத்துக் கலைஞரே பேசுவது போலச் சந்தாதாரர்க்கு எழுதச் செய்தன. கலைஞரோடு நேரே உரையாடுவதாக நம்பிப் பணம் கொடுத்தோர் சிலர் 2024-இல் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தனர். உதவியாளர் எழுதினால் உதவியாளர் எழுதியதாகவே தெரிவித்து விடலாம். துபாயில் இரவு வேலை முடித்து வந்து, தன் ஊர்க் கூத்தைக் கண்டு இரண்டு வரி எழுதும் தொழிலாளிக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.

எஞ்சியிருந்தது முன்பணம். அதனைப் பற்றி எமக்குத் தெளிவுரைத்தவர் இளைஞரின் தந்தையார். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கங்களில் விசைத்தறிக்குச் செல்வோர் முன்பணம் பெற்று, அது தீருமளவும் வேறு தறிக்குச் செல்ல இயலாது நிற்பதை நாமக்கல், சேலம் மாவட்டத்தார் யாவரும் அறிவர். அவர் அதிகம் படித்தவரல்லர். மகனைப் பார்த்து, "கண்ணு, முன்பணம் வாங்கின அன்றைக்கு அது காசு. வேலையை விட்டுப் போகலாமென்று நினைக்கிற அன்றைக்குத்தான் அது கயிறு என்று தெரியும். என் கயிற்றை அவிழ்க்க நீ ஒன்றைக் கட்டிக்கொள்ளாதே" என்றார். நிறுவனம் தரும் முன்பணம் பெரும்பாலும் நன்கொடையன்று. வருங்கால வரவிலிருந்து கழிக்கப்படும் கடன். தந்தையார் கூறியதன்பின் யாம் சட்டம் ஒன்றும் கூற வேண்டியிருக்கவில்லை.

நிற்க. அன்று மாலை விடைபெறுமுன் யாம் இளைஞரை ஒன்று வினவினோம். "உம் வரவில் கூத்தாடுவோர்க்கு எவ்வளவு கொடுக்கின்றீர்?" அவர் சற்றே தயங்கி, "மாதம் ஏழாயிரம் போலக் கொடுக்கிறேன், ஐயா" என்றார். "அஃது எக்கணக்கில்?" என்றோம். கணக்கொன்றும் இல்லை, மனம்போலக் கொடுப்பது. எத்தனை பேர் சந்தா கொடுக்கின்றனர், எவ்வளவு வருகின்றது என்பது ஆடினோர் ஒருவர்க்கும் தெரியாது. எழுத்தும் இல்லை. நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதில் அவர் கையெழுத்திட்டு, மொத்த வரவில் நாற்பது என்று கொள்ளப்பட்டிருப்பின், எஞ்சும் 9,000 ரூபாயில் கூத்தர்க்கு 7,000 போக அவர்க்கு நிற்பது 2,000. அந்நிலையில் யாருடைய பங்கு முதலிற் குறைந்திருக்கும் என்பதை அவரே உணர்ந்து தலை குனிந்தார்.

இங்கேதான் எம் ஆராய்ச்சி தொடங்கிய இடத்திற்குத் திரும்பியது. கூத்தாடும் கலைஞர்க்கு இவ்விளைஞரே காரியஸ்தர். ஆட்டம் அவர்களுடையது, அதனைத் தொலைதூரத்து மக்களிடம் கொண்டு சேர்ப்பவர் இவர், பணம் வாங்குபவரும் இவரே. பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு ஆடுவோர்க்கும் பாடுவோர்க்கும் தம் நிகழ்ச்சியின் மேல் ஐம்பதாண்டு உரிமை தருகின்றது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் வணிகப் பயனில் அவர்க்குப் பங்கு உண்டென்பதை வலியுறுத்தியது. நிறுவனத்திடம் இவர் கேட்க எண்ணிய கணக்கும், எழுத்தும், பிரியும் உரிமையும் கூத்தர் இவரிடம் கேட்கத் தக்கனவே. வாத்தியார் ஊரறியப் பங்கிட்டதை, இவர் ஒருவரும் அறியாமல் பங்கிட்டு வந்தார். அவர் மனத்தில் வஞ்சமில்லை; எனினும், பார்க்கருக்கும் தமக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எழுத்தில் காட்ட அவரிடம் அன்று ஒன்றும் இருக்கவில்லை.

அவர் நிறுவனத்திற்கு மறுமொழி எழுதினார். பங்கு நிகர வரவில், அதுவும் முந்நூறு பேருக்கு மேல் வளர்ந்த பகுதியில் மட்டும், காலம் ஆறு மாதம், முன்பணம் வேண்டாம், கடவுச்சொல் தருவதற்கில்லை, கூத்தர் பங்கு செலவாக முதலிற் கழிக்கப்படும் என்பன அவர் ஷரத்துக்கள். நிறுவனத்தார் இசையவில்லை. அதன்பின் தம் ஊரிலேயே வணிகவியல் படித்து முடித்த பெண்ணொருவரைப் பகுதி நேரச் சம்பளத்திற்குக் கணக்கும் கடிதமும் பார்க்க அமர்த்தினார். கூத்தரோடு எளிய தமிழில் இரண்டு பக்க உடன்படிக்கை எழுதி, நிகர வரவில் மூன்றிலொன்று அவர்க்கென்று குறித்தார். கணக்கு மாதந்தோறும் அச்சிடப்பட்டு வாத்தியார் கைக்குச் செல்கின்றது. முதல் மாதக் கணக்கை வாத்தியார் ஒப்பனைக் கொட்டகையில் உரக்கப் படித்ததாகவும், மத்தளக்காரர் இரண்டு இடத்தில் கூட்டல் சரியா என்று கேட்டதாகவும் இளைஞர் எமக்கு எழுதியிருந்தார். கேட்டது எமக்கு மகிழ்ச்சியே. சந்தாதாரர் இன்னும் ஐந்நூறு ஆகவில்லை. தந்தையார் தறிக்கடனும் இன்னும் முற்றும் தீரவில்லை. ஆயினும் மாதம் சிறிதளவாக அது குறைந்து வருகின்றது.

எனவே காரியஸ்தர் வேண்டாவென்பது எம் கருத்தன்று. வேலை ஒருவர் கையில் அடங்காதபொழுது, கணக்கும் கடிதமும் கலையின் நேரத்தை உண்ணும்பொழுது, தக்கார் ஒருவரை அமர்த்தாதிருத்தல் கலைக்கே கேடாகும். எவ்வேலைக்கு அமர்த்துகின்றோம், அதன் விலை யாது, எதில் பங்கு, எப்பொழுது பிரிவது, திறவுகோல் யாரிடம் என்னும் ஐந்திற்கும் எழுத்தில் விடை கண்டபின் அமர்த்துக. திருவள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தை முன்னும், 'தெரிந்து வினையாடல்' என்பதனை அதற்கு அடுத்தும் வைத்தமை இவ்வொழுங்கை நமக்கு நினைவூட்டும். ஆராய்ந்து தெளிதல் முதலில். வேலையிற் செலுத்துதல் அதன்பின்.

இதனைப் படிக்கும் மாணவ நண்பர்களுள் சிலர் நாளை தாமே கலைஞராகலாம். சிலர் பிறர் கலைக்குக் காரியஸ்தராகலாம். எம் மேச்சேரி நண்பரைப் போல ஒரே காலத்தில் இரண்டுமாக இருப்போரும் உண்டு. நகரத்து நிறுவனத்தின் தாளைப் படிக்கும் அதே கண்ணால், நமக்காக ஆடுவோர்க்கு நாம் கொடுக்கும் தாளையும் ஒருமுறை படித்துப் பார்ப்போமாக.